கரீபியனில் ஒன்றாகப் படித்தவர்கள் மீண்டும் இணைவதற்கு ஒரு வழிகாட்டி

கிரெனடா, டிரினிடாட், ஜமைக்கா, பார்படோஸ் போன்ற கரீபியன் தீவுகளில் மருத்துவமோ வேளாண்மையோ படித்துவிட்டுத் திரும்பிய மலேசியத் தமிழர்கள் எண்ணிக்கையில் குறைவு. சென்னையிலோ பெங்களூரிலோ லண்டனிலோ படித்தவர்களுக்குக் கோலாலம்பூரில் ஆயத்தமான முன்னாள் மாணவர் வட்டம் இருக்கும். ஆண்டு விருந்து, கோல்ஃப் போட்டி, தலைவர், செயலாளர் என்று எல்லாம் முறையாக நடக்கும். தீவில் படித்தவர்களின் நிலை வேறு. ஒருவர் பங்சாரில் இருப்பார், ஒருவர் பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் கிளினிக் நடத்துவார், மூன்றாமவர் அங்கேயே திருமணம் செய்துகொண்டு போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தங்கியிருப்பார், கூடப் படித்த தீவுக்காரர்களில் பலர் டொரோண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் குடிபெயர்ந்திருப்பார்கள். இப்படிச் சிதறியவர்களைத் தேடிச் சேர்த்து, சேர்ந்த பிறகு அந்தத் தொடர்பு ஓய்ந்துவிடாமல் எப்படி நடத்திச் செல்வது என்பதை, கோலாலம்பூரில் இருந்துகொண்டு அத்தகைய ஒரு குழுவைக் கவனித்துவரும் அனுபவத்தில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய தோழர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் செத்துப்போகின்றன. முதல் வாரத்தில் ஆரவாரம், பழைய படங்கள், "நீ இன்னும் அப்படியே இருக்கிறாய்" என்னும் பொய்கள். இரண்டாம் மாதத்தில் ரோஜாப் பூவுடன் காலை வணக்கம். மூன்றாம் மாதத்தில் சர்க்கரை நோய்க்குக் கை வைத்தியம். அதன் பிறகு, குழுவிலிருந்து வெளியேறினால் மனவருத்தம் வருமே என்பதற்காகச் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். நலம் விசாரிப்பதற்கென்று மட்டும் ஒரு குழுவை வைத்திருந்தால் அதன் கதி இதுதான். அந்தக் குழுவுக்கு ஒரு வேலை வேண்டும். தீவில் கழித்த அந்த நான்கைந்து ஆண்டுகளின் நினைவுகளைச் சிறிது சிறிதாக, ஆள் ஆளாக, ஆதாரத்தோடு தொகுப்பது என்பதே அந்த வேலையாக இருக்கட்டும். கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே அமைகின்றன.

ஆட்களைத் தேடுவது

முகநூலில் பெயரைத் தட்டித் தேடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி; அது அவ்வளவாகப் பயன்படாது. மலேசியர்களின் பெயர்கள் தீவுகளின் பல்கலைக்கழகப் பதிவேடுகளில் தலைகீழாக ஏறியிருக்கும். நம் அடையாள அட்டையில் ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்) என்பதற்குப் பின்னால் வரும் தந்தையின் பெயரை அங்குள்ள எழுத்தர்கள் குடும்பப் பெயராகக் கொண்டு பதிந்துவிடுவதால், உங்கள் நண்பர் நாற்பது ஆண்டுகளாக அங்கே தம் தந்தையின் பெயராலேயே அறியப்பட்டிருப்பார். ஆகவே எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இரண்டு பெயர்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். தீவுக்காரத் தோழிகள் பலர் கணவரின் குடும்பப் பெயருக்கு மாறியிருப்பார்கள். கயானா, டிரினிடாட் பக்கத்து இந்திய வம்சாவளியினரின் பெயர்களோ, கூலிக் கப்பல்களில் வந்தவர்களின் பெயரைக் காதால் கேட்டு எழுதிய எழுத்தர்களின் கைவண்ணம். வீராசாமிக்கும் பெருமாளுக்கும் நாம் போடும் எழுத்துக்கூட்டலை அங்கே எதிர்பார்க்க வேண்டாம், இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்.

மருத்துவம் படித்தவர்களைத் தேடுவது எளிது. மலேசிய மருத்துவ மன்றத்தின் மருத்துவர் பதிவேட்டை இணையத்தில் எவரும் தேடலாம்; பிரிட்டனின் பொது மருத்துவ மன்றமும் தன் பதிவேட்டைத் திறந்தே வைத்திருக்கிறது. மலேசியப் பதிவேட்டில் கிடைக்கும் பணியிடத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். தொலைபேசியில் அழைத்து "நான் யாரென்று சொல் பார்க்கலாம்" என்று விளையாடுவது இந்தக் காலத்தில் மோசடி அழைப்பு என்றே கருதப்படும். கடிதத்தில் நீங்கள் யார், எந்த ஆண்டு, எந்த விடுதி, எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற நான்கும் இருந்தால் போதும்.

பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் அலுவலகத்திடம் முகவரி கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அதற்குப் பதிலாக, "இந்தக் கடிதத்தை இன்னாருக்கு நீங்களே அனுப்பிவைக்க முடியுமா" என்று கேளுங்கள். அவர்களால் செய்ய முடிந்த உதவி அதுதான். கிரெனடாவில் 1976இல் நிறுவப்பட்ட செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகமானாலும், 1948இல் ஜமைக்காவின் மோனாவில் தொடங்கிய மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகமானாலும் இதுவே நல்ல அணுகுமுறை. டிரினிடாட்டின் செயின்ட் அகஸ்டினில் வேளாண்மை படித்த மூத்தவர்களைத் தேடுவோர் ஒரு செய்தியை மனத்தில் வைக்க வேண்டும்: அங்கிருந்த வெப்பமண்டல வேளாண்மைக் கல்லூரி 1960இல்தான் மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது, அதற்கு முன் படித்தவர்களைத் தேடும்போது கல்லூரியின் பழைய பெயரையே குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

தேடிக் கண்டுபிடித்தும் பதில் போடாதவரை இரண்டாம் முறை ஒரு தடவை அழைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். அவருக்கு அந்த ஆண்டுகள் நல்ல ஆண்டுகளாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

கடிகாரத்தை ஒழுங்கு செய்வது

கரீபியனோடு தொடர்பு வைத்திருப்பவர்களுக்கு இயற்கை ஒரு சலுகை செய்திருக்கிறது. மலேசிய நேரத்துக்கும் கிரெனடா, டிரினிடாட், பார்படோஸ், கயானா ஆகியவற்றின் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு சரியாக 12 மணி. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் முள் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுகிறதோ அதே நேரத்தைத்தான் அங்குள்ள கடிகாரமும் காட்டும். காலையை மாலையாக்கிக்கொண்டால் போதும். ஜமைக்காவுக்கு மட்டும் இன்னும் ஒரு மணி கூடுதலாகக் கழிக்க வேண்டும். இந்த நாடுகளில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கமும் இல்லை என்பதால், ஒருமுறை நேரம் குறித்துவிட்டால் ஆண்டு முழுவதும் அது நிற்கும். டொரோண்டோ, நியூயார்க், லண்டன் நண்பர்களுக்குத்தான் ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம் முன்பின்னாகும். அதை அவர்களே கவனித்துக்கொள்ளட்டும்.

எல்லாருக்கும் ஏற்ற நேரம் என்று நான் சொல்வது மலேசியாவில் இரவு 9 மணி. அப்போது கிரெனடாவில் காலை 9, ஜமைக்காவில் காலை 8, லண்டனில் பிற்பகல் 1 அல்லது 2, டொரோண்டோவில் காலை 8 அல்லது 9. இதற்கு மாறாக நம்முடைய காலை 8 மணியை வைத்தால் லண்டன்காரர் நள்ளிரவில் கண் விழிக்க வேண்டியிருக்கும். கிழமையைப் பொறுத்தவரை, ஞாயிறு இரவு நமக்கு வசதி என்று நினைப்போம். ஆனால் அங்கே அது ஞாயிறு காலை, தீவுகளில் பெரும்பாலோர் தேவாலயத்துக்குப் போகும் நேரம். சனி இரவை வைத்துக்கொண்டால் அங்கே சனி காலை. கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் நகரில் அது சந்தை நாள். எங்கள் நண்பர் ஒருவர் காய்கறி வாங்கிக்கொண்டே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துச் சந்தையைக் காட்டுவார். உட்கார்ந்து பேசியதைவிட அந்த அழைப்புகளில்தான் பழைய நினைவுகள் அதிகம் வெளிவந்தன.

அழைப்பு விடுக்கும்போது "சனிக்கிழமை 9 மணி" என்று மட்டும் எழுதாதீர்கள். "சனி இரவு 9 கோலாலம்பூர், சனி காலை 9 கிரெனடா" என்று இரண்டையும் எழுதுங்கள். குழுவின் பொறுப்பாளர்களாக இருவர் இருப்பது நல்லது, ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். ஆண்டுக்கு ஒரு பெரிய அழைப்புக்கு நாள் தேடுவோர் ஆகஸ்ட் 31ஐ எடுத்துக்கொள்ளலாம். மலாயா 1957இல் விடுதலை பெற்ற அதே தேதியில்தான் 1962இல் டிரினிடாட்-டொபேகோவும் விடுதலை பெற்றது. இரண்டு பக்கமும் பொது விடுமுறை. எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "அருமையாக இருந்தது" என்ற பதில்தான் வரும். நினைவு ஊறுவதற்குக் கேள்வி குறுகியதாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியை எழுத்திலும், பதிலைக் குரல் பதிவிலும் கேளுங்கள். தமிழில் தட்டச்சுச் செய்யத் தயங்குபவர்கள் பேசத் தயங்குவதில்லை. மேலும், எழுதும்போது ஒருவர் தம் கதையைச் சீர்ப்படுத்திவிடுவார், பேசும்போது அப்படி முடியாது.

ஒரு எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கிரெனடாவின் சிற்றுந்துகளில் மணி அடித்து இறங்கும் வழக்கம் இல்லை. வண்டியின் தகட்டில் கையால் தட்ட வேண்டும். "டேய், முதல் தடவை பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினாய்?" என்று ஒரு நண்பரைக் கேட்டபோது, தட்டத் தெரியாமல் மூன்று நிறுத்தங்கள் தாண்டிப் போனது, பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் தம் மடியிலிருந்த கூடையை இவரிடம் கொடுத்துவிட்டு இவருக்காகத் தட்டியது, கூடையில் இருந்த ஜாதிக்காய்களின் மணம், அந்த மணத்தால் பினாங்கு பாலிக் பூலாவில் தாத்தா வீட்டு ஞாபகம் வந்து அன்று இரவு உறங்காமல் கிடந்தது என்று அவர் நிறுத்தாமல் பேசினார். "கிரெனடாவைப் பற்றிச் சொல்" என்று கேட்டிருந்தால் கடற்கரையைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்.

ஜாதிக்காய் பினாங்குக்காரர்களுக்குத் தனியாக ஒரு கதவைத் திறக்கும் பொருள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1974இல் விடுதலை பெற்ற கிரெனடா தன் கொடியிலேயே அந்தக் காயைப் பொறித்திருக்கிறது. பினாங்கில் சதையை ஊறுகாயும் சாறும் ஆக்குகிறோம். அங்கே அதே சதையில் ஜாம் காய்ச்சுகிறார்கள், விதையையும் அதைச் சுற்றியுள்ள சிவப்பு ஜாதிபத்திரியையும் ஏற்றுமதி செய்கிறார்கள், உடைத்த ஓட்டைத் தோட்டத்து நடைபாதையில் கொட்டிப் பரப்புகிறார்கள். அந்த ஓட்டின் மேல் வெறுங்காலோடு நடந்தவர்களை அதைப் பற்றிக் கேளுங்கள். இப்படி இரு ஊருக்கும் பொதுவான பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது நல்ல உத்தி: ரப்பர் தோட்டமும் கரும்புத் தோட்டமும், கிரிக்கெட் மைதானம், மழை, கறித்தூள், மாரியம்மன் கோயில்.

இன்னொரு வகைக் கேள்வி, அங்குள்ளவர்கள் நம்மை யார் என்று நினைத்தார்கள் என்பது. டிரினிடாட்டுக்கு முதல் இந்தியக் கப்பலான ஃபாத்தல் ரசாக் 1845 மே 30 அன்று வந்தது. கிரெனடாவுக்கு மெய்ட்ஸ்டோன் கப்பல் 1857 மே 1 அன்று வந்தது. பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் 1854இல் ஒரேலி என்ற கப்பல் இறக்கியவர்களோ புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஏறியவர்கள். ஆகவே தீவின் கடைத்தெருவில் ஒரு மலேசியத் தமிழ் மாணவர் நடந்துபோனால் அவரை அந்தத் தீவின் இந்தியராகவே எடுத்துக்கொண்டு, எந்த ஊர்க்காரர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது இயல்பு. அவர் வாயைத் திறந்து பேசிய பிறகுதான் குழப்பம் தொடங்கும். இந்தக் குழப்பத்தைப் பற்றி ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். தீவுக்காரத் தோழர்களிடம் இதையே மறுபக்கத்திலிருந்து கேட்க மறவாதீர்கள். நம்மைப் பற்றி அவர்கள் சொல்வது நாம் எதிர்பார்க்காததாக இருக்கும், எப்போதும் புகழ்ச்சியாகவும் இருக்காது.

ஆண்டைச் சரிபார்க்கும் முறை

நாற்பது ஆண்டு கழித்துச் சொல்லப்படும் நினைவில் நிகழ்ச்சி பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆண்டு பெரும்பாலும் தவறாக இருக்கும். அதற்காகச் சண்டையிடத் தேவையில்லை. ஊரறிந்த தேதிகளை அருகில் வைத்துப் பார்த்தால் கணக்குத் தானாகவே நேராகும்.

விமான நிலையங்கள் இதற்கு மிகவும் உதவும். கிரெனடாவின் பாயிண்ட் சலீன்ஸ் விமான நிலையம் 1984 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னாள் பிரதமர் மோரிஸ் பிஷப்பின் பெயர் சூட்டப்பட்டது 2009இல். 1984 அக்டோபருக்கு முன் போனவர்கள் எல்லாரும் தீவின் வடகிழக்கில் இருந்த பேர்ல்ஸ் ஓடுதளத்தில் சிறு விமானத்தில் இறங்கி, கிராண்ட் எட்டாங் மலைப்பாதை வழியாக வளைந்து வளைந்து தலைநகருக்கு வந்திருக்க வேண்டும். பேர்ல்ஸில் இரவில் இறங்கும் வசதியும் கிடையாது. ஆகவே ஒருவர் "முதல் நாள் மலைச்சாலையில் வாந்தி எடுத்தேன்" என்று சொன்னால் அவர் 1984க்கு முன் போனவர் என்றும், "இரவில் இறங்கினோம், பத்து நிமிடத்தில் விடுதி" என்று சொன்னால் அதற்குப் பின் போனவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்திலும் அப்படியே: சுபாங்கில் வழியனுப்பினார்கள் என்றால் 1998 ஜூனில் சிப்பாங் விமான நிலையம் திறப்பதற்கு முன், பினாங்கிலிருந்து பெட்டியோடு ஃபெரியில் கடந்ததைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் 1985இல் பினாங்குப் பாலம் திறப்பதற்கு முன். கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு 1994 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் பிரையன் லாரா எடுத்த 375 ஓட்டங்கள் ஒரு நல்ல மைல்கல். அன்று எந்தக் கடையில் நின்று வானொலி கேட்டோம் என்பதை எவரும் மறப்பதில்லை.

1983 அக்டோபரில் கிரெனடாவில் இருந்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், அந்தப் பகுதியைத் தனியாக, மெதுவாக, அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் தொகுங்கள். அக்டோபர் 19 அன்று பிரதமர் மோரிஸ் பிஷப் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் நாள் முழுவதும் ஊரடங்கு. 25ஆம் தேதி அமெரிக்கப் படை இறங்கியது. மருத்துவ மாணவர்கள் விமானங்களில் வெளியேற்றப்பட்டனர். இவை எல்லாரும் அறிந்தவை. உங்கள் தொகுப்புக்கு வேண்டியவை இவையல்ல. கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தபோது முதலில் என்ன சத்தம் கேட்டது, தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது, ஊரில் இருந்த அம்மாவுக்குத் தகவல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பவையே. அரசியல் சரியா தவறா என்ற விவாதத்தைத் தொடங்கிவிட்டால் குழு இரண்டாக உடையும். தீவுக்காரர்களிடையே அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

இருவர் ஒரே நிகழ்ச்சியை இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் சொன்ன தேதியையும் குறித்து வையுங்கள். தீர்ப்புச் சொல்வது தொகுப்பாளரின் வேலை அல்ல.

படங்களும் நாடாக்களும்

நம் நாட்டு ஈரக்காற்றில் பழைய படங்கள் பூஞ்சை பிடித்துவிடும். ஒட்டும் தாள் கொண்ட பழைய ஆல்பங்களிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையே மெல்ல அறுப்பதுபோல் செலுத்தினால் படம் கிழியாமல் வரும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண அளவுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் வரை பதிந்துவிடும். ஸ்கேன் செய்த கோப்புக்கு ஆண்டு, இடம், இடமிருந்து வலமாக ஆட்களின் பெயர் என்ற வரிசையில் பெயரிடுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் கேள்விக்குறி போடலாம், ஊகித்து எழுதக் கூடாது. புலனத்தில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

தீவிலிருந்து கொண்டுவந்த வீடியோ நாடா வீட்டில் இருந்தால் அதை இங்குள்ள பழைய இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு "கெட்டுப்போய்விட்டது" என்று தூக்கி எறியாதீர்கள். மலேசியாவில் இருந்தது பால் (PAL) என்னும் வீடியோ முறை; கரீபியனில் அமெரிக்காவைப் போல என்டிஎஸ்சி (NTSC) முறை. இரண்டையும் வாசிக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கடையில் கொடுத்தால் படம் வரும். பூஞ்சை பிடித்த நாடாவை மட்டும் எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

சேர்ந்து சமைப்பது

ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் கூடுங்கள். ஓட்டல் அறையில் சாப்பாட்டு வரிசையில் நின்று எடுத்துச் சாப்பிட்டுக் கலைவதைவிட, யாராவது ஒருவர் வீட்டில் தீவுச் சாப்பாட்டைச் சேர்ந்து சமைப்பது பலமடங்கு மேல். பினாங்கிலிருந்து வருபவர்கள் பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறினால் நான்கு மணி நேர அளவில் கேஎல் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸ் அல்லது அதன் அருகில் வீடு உள்ளவரைப் பிடியுங்கள்.

கிரெனடாவின் தேசிய உணவான ஆயில் டவுனை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அதற்கு வேண்டிய எல்லாமே நம் காலைச் சந்தையில் கிடைக்கின்றன என்பதுதான். இங்கே சுக்குன் என்று விற்கப்படும் சீமைப்பலாவில் முற்றியும் பழுக்காமலும் உள்ள பெரிய காய் ஒன்று எட்டுப் பேருக்குப் போதும். தோல் சீவி, நடுத்தண்டை நீக்கி, பெரிய துண்டுகளாக நறுக்கி அடிகனமான பானையில் அடியில் அடுக்குங்கள். அதன் மேல் கோழித் துண்டுகளும், முதல் நாள் இரவே ஊறவைத்து உப்பு நீக்கிய கருவாடும். தீவில் உப்புக்கண்டமிட்ட பன்றி வாலைப் போடுவார்கள். எல்லாரும் சாப்பிட வேண்டுமென்றால் அதை விட்டுவிடலாம். அடுத்து வெங்காயம், பூண்டு, கற்பூரவல்லி இலை; அங்கேயும் வீட்டு வாசலில் வளர்வது இதே செடிதான். பிறகு கோதுமை மாவை உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து விரல் நீளத்துக்கு உருட்டிய கொழுக்கட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சேம்பு இலை. மஞ்சள் தூள் கரைத்த கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, காம்பு கிள்ளாத முழு மிளகாய் ஒன்றை மேலே வைத்து மூடுங்கள். மிளகாய் உடைந்தால் அன்றைய கூட்டம் கண்ணீரில் முடியும்.

கிண்டக் கூடாது. புதிதாகச் சமைப்பவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். மெல்லிய தீயில் பால் முழுவதும் வற்றி, பானையின் அடியில் மஞ்சள் நிறத் தேங்காய் எண்ணெய் மட்டும் சலசலக்கும் வரை விட்டுவிட வேண்டும். சேம்பு இலை அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும், ஆகவே அவசரப்பட வேண்டாம். அந்த முக்கால் மணி நேரம் பானையைச் சுற்றி நிற்பவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசியை மேசையில் வைத்துவிடுங்கள், எல்லாரிடமும் சொல்லிவிட்டு. கேட்காமலே கதைகள் வரும்.

தீவுக்காரத் தோழர்கள் மலேசியா வர விரும்பினால் தைப்பூசத்தை ஒட்டி வரச் சொல்வதுண்டு. பத்துமலையோ பினாங்குத் தண்ணீர்மலையோ அவர்களுக்கு மறக்க முடியாததாக இருக்கும். ஆனால் அறைகளை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும்.

பணமும் விதிகளும்

விதிகள் குறைவாக இருக்கட்டும்: இரு நாட்டு அரசியல் இல்லை, வைத்தியக் குறிப்பு இல்லை, காப்புறுதி விற்பனை இல்லை, அனுமதியின்றி ஒருவர் எண்ணை மற்றவருக்குக் கொடுப்பது இல்லை.

பொது நிதி என்று ஒன்றைத் திரட்டி ஒருவர் வங்கிக் கணக்கில் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கூடும்போது செலவைப் பகிர்ந்து, ரசீதைக் குழுவில் போட்டுக் கணக்கை அன்றே முடியுங்கள். சீட்டுப் பிடிக்கலாம் என்று யாராவது தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். மலேசியாவில் அது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. தலைவர், பொருளாளர், வங்கிக் கணக்கு என்று முறையான சங்கமாகவே நடத்த வேண்டுமென்றால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தாலே அது சங்கம் என்பதை நினைவில் வைத்து, முறைப்படி பதிவு செய்துகொள்ளுங்கள்.

புயல் மாதங்கள்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி கிரெனடாவின் ஜாதிக்காய் மரங்களைப் பெருமளவு சாய்த்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில், கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கு தீவைத் தாக்கியது. இத்தகைய நாளில் அக்கறையின் பேரில் இருபது பேர் ஒரே நேரத்தில் "பத்திரமா?" என்று கேட்டால், மின்சாரம் இல்லாத இடத்தில் உள்ளவரின் கைப்பேசி அதற்குப் பதில் போட்டே அணைந்துவிடும். ஆகவே ஜூன் மாதம் பிறப்பதற்கு முன்பே, தீவில் உள்ள ஒவ்வொரு நண்பருக்கும் இங்கே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் மட்டும் கேட்பார், அவர் குழுவுக்குச் சொல்வார். தீவில் உள்ளவரின் வெளிநாட்டு உறவினர் ஒருவரின் எண்ணையும் அவர் அனுமதியோடு வாங்கி வைத்திருக்க வேண்டும். உதவி செய்ய விரும்புவோர் உடைகளையும் பொருள்களையும் பெட்டி கட்டி அனுப்புவதைவிட, முதல் வாரப் பரபரப்பு அடங்கிய பின் நண்பரிடமே கேட்டுப் பணமாக அனுப்புவது பயன்படும்.

இதே ஏற்பாடு நோய்க்கும் இறப்புக்கும் உதவும். ஒருவர் மறைந்த செய்தியை அவர் குடும்பத்தார் ஒப்புதல் தருவதற்கு முன் குழுவில் போடக் கூடாது. நேர வேறுபாட்டினால் அவருடைய பிள்ளைகளே அப்போது உறங்கிக்கொண்டிருக்கலாம்.

தொகுப்பைப் பாதுகாப்பது

சேர்ந்தவற்றை மூன்று பிரதிகளாக வையுங்கள்: ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று கோலாலம்பூரில் உள்ள வன்தட்டில், ஒன்று தீவில் உள்ள தோழரிடம். குரல் பதிவு ஒவ்வொன்றுக்கும் யார் பேசியது, என்று பேசியது, குழுவுக்கு வெளியே கொடுக்க அனுமதி உண்டா என்ற மூன்று வரிக் குறிப்பு இருக்க வேண்டும். எல்லாருடைய அனுமதியும் கிடைத்த பகுதியைப் பல்கலைக்கழக நூலகம் ஏற்றுக்கொள்ளுமா என்று கடிதம் எழுதிக் கேட்கலாம். இணையச் சேமிப்பின் கடவுச்சொல்லை ஒருவரே வைத்திருக்காமல், குழுவில் வயதில் இளையவர் ஒருவரிடமும் யாராவது ஒருவருடைய மகளிடமோ மகனிடமோ கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு அழைப்பும் முடிவதற்கு முன், எல்லாரும் திரையில் இருக்கும்போதே, அடுத்த அழைப்பின் தேதியையும் அதற்கான கேள்வியையும் முடிவு செய்துவிடுங்கள். "பிறகு சொல்கிறேன்" என்று விட்டால் அடுத்த அழைப்பு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.